வெட்டாத ஒயர்

என் வீட்டுக்காரர் படத்துக்கு மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அவர் போன பிறகு கட்கியை விட்டு, அதே ஊரில் ஔந்துப் பக்கம் இருக்கும் மகன் ஃப்ளாட்டுக்கு வந்தேன். வந்த அன்றைக்கே ஹாலில் படத்தை மாட்டி, பக்கத்துப் பிளக்கில் அந்த விளக்கையும் சொருகினேன். இந்த வீட்டில் யாரையும் கேட்காமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான். அதைத்தான் பிடுங்கிப் போட்டார்கள். ஒரு பாட்டுப் பெட்டிக்காக.

பெட்டி என்று சொன்னால் மகனுக்குப் பிடிக்காது. ஆம்ப்ளிஃபையர் என்று சொல்ல வேண்டும். அதோடு என் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். டீவிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. என் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு ஸ்பீக்கர் வந்து நின்றது, நாற்காலி பால்கனிக் கதவோரம் போனது. எதற்குமே ஒன்றும் சொல்லுகிற ஆள் இல்லை நான். கட்கியில் இருந்தபோது ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் யாராவது நுழைந்தால்கூட நகர்ந்து இடம் விட்டுத்தான் பழக்கம்.

பெட்டி வந்த நாளிலிருந்தே அதில் ஒரு கோளாறு. பாட்டு நின்றால் உஸ்ஸென்று இரைச்சல். அதற்கு நடுவில் டிக் டிக் டிர்ர் என்று கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி இன்னொரு சத்தம். மகன் ஸ்பீக்கரில் காதை வைத்துத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடப்பான். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவன் என் பக்கம் அவ்வளவு கரிசனமாகக் குனிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரின் இன்னொரு கோடியான கராடியிலிருந்து அவன் கூட்டாளி வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். மரியாதையாகத்தான் பேசினான்.

"காத்துல வர்ற சிக்னலுதானுங்கம்மா. போனு, வைஃபை, மட்டமான எல்ஈடி பல்பு, எல்லாம் கண்ணுக்குத் தெரியாம எதையாச்சும் கக்கீட்டே இருக்குமுங்க. அத ஒயரு வாங்கிப் பாட்டோட சேத்துப் பாடிப்போடும்."

சொல்லிக்கொண்டே ஹாலைச் சுற்றிப் பார்த்தவன், படத்தைப் பார்த்து நின்றான்.

"அட, குத்தவாளி அங்க இருக்கறானுங்க."

விளக்கைத்தான் சொன்னான். எனக்கு அது தெரியும். ஆனால் விளக்குக்குக் கீழே இருந்தது யார் முகம்? எட்டிப் பிளக்கைப் பிடுங்கினான். இரைச்சல் கொஞ்சம் அடங்கியது, பொய் சொல்லக் கூடாது. மகன் கையைத் தட்டினான்.

"பாத்தியா மா, உன் பல்புதான்."

நான் "ம்" என்றேன். உள்ளே போய் வடை எடுத்து வந்து அந்தப் பையனுக்கு வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் இன்னும் ஒன்று வைத்தேன். அந்த இரண்டாவது வடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் கை மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் பார்த்தால் டிக் டிக் அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டில் ஒவ்வொரு பொருளாக விசாரணை. மகன் ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்த்தான், மாவு புளித்ததுதான் மிச்சம். மிக்ஸியைக் கழற்றினான். பிறகு என் சின்னப் போன். மருமகள் மராட்டிப் பெண், என்னோடு பேசவென்று தமிழ் கற்றுக்கொண்டவள். அவளே தயங்கித் தயங்கி வந்து, "ஆயி, உங்க போன் ஜரா பாஹேர், வெளிய வைங்க, அவர் சொல்றார்" என்றாள். போனும் பால்கனிக்குப் போனது.

நான் ஒரு நாள் கேட்டேன். ரொம்ப யோசித்து, அவன் டீ குடித்து முடிக்கிற நேரம் பார்த்துக் கேட்டேன்.

"டேய், டிக் டிக்குதான் நிக்கலியே. அப்பா லைட்ட போட்டுறட்டுமா?"

"இருக்கட்டும் மா. அதுவும் கொஞ்சம் பண்ணுது இல்ல?"

அதற்குள் விளக்கு இருந்த பிளக்கில் ஆம்ப்ளிஃபையரைச் சொருகியிருந்தான். விளக்கின் ஒயர் படத்துக்குக் கீழே செத்த பல்லி மாதிரி தொங்கியது. நான் கதவோரம் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவேன். நறுக்குவது என்றா சொன்னேன், வெட்டுவேன். குற்றம் செய்யாதவனை ஜெயிலில் போட்டால், செய்யவில்லை என்று தெரிந்த பிறகாவது வெளியே விடுவார்கள். இங்கே அதுவும் கிடையாது. கட்கி தோட்டா ஃபாக்டரியில் முதுகு வளைந்து, இவனைப் படிக்க வைத்த மனுஷன் இருட்டில் நிற்கிறார், இவன் சத்தத்தைத் தேடுகிறான்.

கடைசியில் அவனேதான் கண்டுபிடித்தான். போனில் எதையோ படித்துக்கொண்டே வந்து சோபாவை இழுத்தான். பின்னால் ஆணியில் ஸ்பீக்கர் ஒயர் பெரிய சுருளாகத் தொங்கியது. வடம் மாதிரி ஒழுங்காகச் சுற்றி, வெள்ளை நூலால் கட்டியிருந்தது. அதை ஒட்டியே வைஃபை டப்பா.

எனக்கு அந்தக் கட்டு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் ஒயரை வெட்ட மாட்டோம். ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் என்றால் எப்போது எந்த லைன் வீட்டுக்கு மாற்றுவார்கள் என்று தெரியாது. புது வீட்டில் பிளக் எந்தச் சுவரில் இருக்குமோ. அதனால் மின்விசிறியோ ரேடியோவோ, எதை வாங்கினாலும் ஒயரை நீளமாக விட்டு, மிச்சத்தைச் சுருட்டி நூலால் கட்டித் தொங்கவிடுவார் என் வீட்டுக்காரர். எங்கள் லைன் முழுக்க எல்லா வீட்டுச் சுவரிலும் இப்படி ஒயர் சுருள் தொங்கும்.

"இதுதான் மா," என்றான் மகன். "இந்தச் சுருள் ஏரியல் மாதிரி எல்லாத்தையும் புடிச்சி இழுத்துருக்கு."

"யாரு சுருட்டி வெச்சது?"

"நான்தான்."

"இது சொந்த வீடுதானே. இன்னாத்துக்கு வெட்டாம வெச்ச?"

அவன் சிரித்தான். "அப்பா திட்டுவாரோன்னு."

அப்போதுதான் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஒயரை வெட்டப் பயப்படுகிறவனுக்கு விளக்கைப் பிடுங்கும்போது அந்தப் பயம் எங்கே போனது?

அவன் பாட்டுக்கு, தேவையான அளவு வைத்துக்கொண்டு மிச்ச ஒயரை வெட்டினான். வைஃபை டப்பாவைப் படுக்கை அறைக்கு மாற்றினான். கூட்டாளி கொடுத்திருந்த கறுப்புக் கிளிப்புகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒயரைக் கவ்வும்படி மாட்டினான். கண்ணுக்குத் தெரியாதது ஒயர் வழியாக உள்ளே போகாமல் அது தடுக்குமாம். டிக் டிக் நின்றது. இரைச்சலும் இல்லை. வீடு அலம்பி விட்டது மாதிரி இருந்தது.

"வா மா, உக்காந்து கேளு."

"லைட்டு?"

"சண்டே ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு வாங்கியாந்து போடறேன் மா. இப்ப பாட்டக் கேளு."

நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஆம்ப்ளிஃபையர் பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது. அந்த இடத்தில் விளக்கைச் சொருகினேன். சிவப்பாக எரிந்தது.

"மா, இன்னா பண்ற நீ?"

"இது அவரு எடம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மருமகள் கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். உள்ளே போய், இஸ்திரி போடுகிற எக்ஸ்டென்ஷன் போர்டைக் கொண்டு வந்து அவன் மடியில் வைத்தாள். இத்தனை நாள் அது அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

பெட்டியும் விளக்கும் சேர்ந்து ஓடின. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மகன் ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

"லேசா உஸ்ஸுன்னு வருது மா."

"வரட்டும்."

பால்கனிக் கதவோரம் கிடந்த என் நாற்காலியைத் தரையில் கீறல் விழ இழுத்து வந்தேன். என் இடத்தைப் பிடித்திருந்த ஸ்பீக்கருக்கு முன்னாலேயே போட்டு உட்கார்ந்துகொண்டேன்.