கரும்பலகைக்குள் அடங்காத வரி

நான் பிடிவாதக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் எக்ஸ், ஒய் என்று குழம்பாமல், எல்லாவற்றுக்கும் முழுத் தமிழ்ச்சொல்லில் பெயர் வைத்து நிரல் எழுத வேண்டும் என்று நானும் கல்லூரி நண்பர்கள் இருவரும் ஒரு சின்னக் கணினி மொழியை உருவாக்கினோம். அவர்கள் சென்னையில். நான் செஞ்சியில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கள் வீட்டு மாடி அறையில். ஞாயிறுதோறும் வீடியோ காலில் சண்டை. ஒரு கட்டளை எங்கே முடிகிறது என்று கணினி எப்படித் தெரிந்துகொள்ளும்? முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லலாம் என்றான் ஒருவன். பிள்ளைகள் புள்ளியை மறந்துவிடுவார்கள், வரி முடிந்தால் கட்டளையும் முடிந்தது என்று வைப்போம் என்றேன் நான். மூன்று வாரம் கத்தினேன். "இன்னாத்துக்கு இப்டி கத்துற? பக்கத்து வூட்ல கேக்குறாங்க" என்று அம்மா படியேறி வந்துவிட்டாள். கடைசியில் ஜெயித்தேன்.

ஜெயித்ததோடு விட்டேனா? முற்றுப்புள்ளி கேட்டவன் மறுபடி அதைக் கிளப்பிவிடக் கூடாதே என்று, மூவரும் ஒப்புக்கொள்ளாமல் எந்த விதியையும் மாற்றக் கூடாது என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தேன்.

இந்த வருஷம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளியில் ஒரு டீச்சர் எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கே கணினி குறைவு. அவர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு, முறை வரும்போது போய்த் தட்டுவார்கள். ஒருநாள் போன் செய்தார்.

"மேடம், எங்க போர்டு சின்னது. மொத்தமதிப்பெண், தமிழ்மதிப்பெண்ணுன்னு எழுதிக்கிட்டே போனா பாதியில எடம் முடிஞ்சிடுது. கீழ எழுதுனா பசங்களும் அப்டியே ரெண்டு லைனா அடிக்கிறாங்க, தப்புன்னு வருது. மடக்கி எழுத ஒரு வழி பண்ணுங்க மேடம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. என் அகலமான திரையைத் தவிர வேறெதையும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிறு அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களின் ஹாரன் தாங்காமல் ஜன்னலைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் கரண்டும் போய்விட்டது. வேர்த்து வழிய, போனிலேயே வீடியோ காலைப் போட்டுக் கெஞ்சினேன். வரி கூட்டல் குறியில் முடிந்தால் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்கட்டும், அவ்வளவுதான். ஒருவன் உடனே சரி என்றான். முற்றுப்புள்ளிக்காரன் மாட்டேன் என்று தலையாட்டினான்.

"வேணாம். பையன் கூட்டல் போட்டுட்டு மீதிய மறந்துட்டா, தப்பு அடுத்த வரியில இருக்குன்னு மெஷின் காட்டும். அவன் அங்க தேடிட்டு உக்காந்திருப்பான். வரி முடிஞ்சா கட்டளையும் முடியணும்னு நீதான சொன்ன? மூணு வாரம் சொன்ன."

பழிவாங்குகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நான் சொன்னதை மனதார நம்பிவிட்டிருந்தான். அடுத்த ஞாயிறும் அதே பேச்சு, அதற்கடுத்த ஞாயிறும் அதே. ஓட்டுக்கு விடலாம் என்றால் அதற்கும் நானே வழியை அடைத்து வைத்திருந்தேன். அந்த அறைக்குள் போகவே எனக்குப் பிடிக்காமல் போனது.

ஒரு மாதம் கழித்து, முடியவில்லை என்று சொல்ல டீச்சரைக் கூப்பிட்டேன்.

"அட, அதுக்கா டென்ஷன்? பசங்களே வழி கண்டுபுடிச்சிட்டாங்க மேடம். இப்ப எல்லாம் ஒரே லைன்ல அடங்கிடுது" என்றார் சந்தோஷமாக. ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினார்.

ம = த + ஆ + க + அ + ச

பக்கம் முழுக்க அப்படித்தான், பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்து. மூன்றாவது வரியைத் தாண்டி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் உருவாக்கிய மொழியில் எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.

அப்படியே தட்டி ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.