மாமியார் கூடாரமும் கறுப்புக் கோடும்

கொழுப்பில் கரியைக் குழைத்து, வலது கண்ணோரத்திலிருந்து தாடை வரை ஒரே இழுப்பில் கோடு போடுகிறான் தூங்காக் கரடி. கோணிவிட்டால் துடைத்துவிட்டு மறுபடியும் போடுவான். முகாமில் காவலர்களுக்கு மட்டுமே உரிய கோடு அது. "கோடு கோணினா சட்டமும் கோணும்" என்பான். மச்சினி புல்வாசம் விடுவாளா? அக்காள் புருஷனைக் கிண்டல் செய்யாதவளை எங்கள் லகோட்டா ஜனம் மரியாதை தெரியாதவள் என்றுதான் சொல்லும்.

"அத்தான், மூஞ்சியே கோணல். கோடு மட்டும் நேரா இருந்து என்னத்துக்கு?"

பெயர்தான் தூங்காக் கரடி; உட்கார்ந்தால் குறட்டை. ஆனால் கடமை என்று வந்துவிட்டால் ஈவு இரக்கம் கிடையாது. போன கோடையில் உத்தரவுக்கு முன்பே வேட்டைக்குக் கிளம்பிய சொந்த அண்ணனின் வில்லை முறித்து, கூடாரத்தையும் கிழித்துப் போட்டான். அண்ணன் முணுமுணுக்காமல் பொறுத்துக்கொண்டதால், நாலாம் நாள் புதுத் தோலும் வில்லும் சுமந்துபோய்க் கொடுத்தவனும் இவனே. சண்டையில் பகைவனைக் கொல்லாமல் வெறும் கோலால் தொட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறான்; எங்களிடம் அதைவிடப் பெரிய வீரம் இல்லை. அப்பேர்ப்பட்டவன், மாமியார் எதிரே வந்தால் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு ஓட்டம் பிடிப்பான். பிடிக்கத்தான் வேண்டும். மருமகனும் மாமியாரும் முகம் பார்க்கவோ பேசவோ கூடாது என்பது எங்கள் வழக்கம்.

நேற்று வந்தது வினை. மேட்டுக்கு அப்பால் எருமை மந்தை. குளிர்காலம் முழுக்க எங்கள் வயிறு அதை நம்பித்தான் இருக்கிறது. யாரும் மேட்டுப் பக்கம் போகக் கூடாது, நாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்று சபை சொல்லியாகிவிட்டது. மாமியார்க்காரியோ கிழங்கு தோண்டும் கம்போடு, நாயையும் கூட்டிக்கொண்டு, மேட்டில் பாதி ஏறிவிட்டாள்!

கரடி குதிரையில் பறந்தான். தலை போர்வைக்குள். அடக்கிய குரலில் குதிரையைத் திட்டினான்: "ஏ குதிரை! மேட்டுக்குப் போனா கூடாரத்தைக் கிழிப்பாங்கன்னு ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

மாமியாரும் திரும்பிப் பார்க்காமல் நாயிடம் சொன்னாள்: "கேட்டியாடா? கிழங்கு திங்க மட்டும் சில பேருக்கு வாய் நீளும். தோண்டப் போனா சட்டம் பேசுவாங்க. வா, போவோம்."

இறங்கிவிட்டாள். நல்ல காலம், மந்தை மிரளவில்லை. ஆனால் காவலர் தலைவன் கல்காது விடவில்லை.

"அண்ணன் கூடாரத்தைக் கிழிச்ச கைதானே? மாமியாருதையும் கிழி. முடியலைன்னா கோட்டைத் துடைச்சிட்டுப் போய்க்கிட்டே இரு."

கரடிக்கு வியர்த்துவிட்டது. அந்தக் கோடு இல்லாமல் அவனுக்கு முகமே இல்லை. மாமியாரோ தன் கூடாரத்து வாசலில் அசையாமல் நிற்கிறாள். அவளைப் பார்க்காமல் கூடாரத்தை எப்படிப் பார்ப்பது? போர்வையைத் தலை மூடக் கவிழ்த்துக்கொண்டு, தடவித் தடவிப் போய், கைக்கு எட்டிய தோலில் கத்தியைச் செருகி, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.

உள்ளேயிருந்து அவன் மனைவி அலறினாள். "யோவ்! இது நம்ம கூடாரம்யா! அம்மாவுது பக்கத்துல இருக்கு!"

புல்வாசம் தரையில் உருண்டாள். "அத்தான்! கோடு நேராத்தான் விழுந்திருக்கு!"

கல்காது வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "கிழிஞ்சாச்சு, விடு. இன்னொண்ணைக் கிழிச்சா நான் சிரிச்சே செத்துடுவேன்."

கோடு தப்பியது. தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா என்று கேட்டால், "போர்வை ரொம்பத் தடிப்பு" என்கிறான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. தோல் தைக்கும் ஊசியும் நரம்பு நூலும் எடுத்துக்கொண்டு, முகத்தை மூடியபடி வந்து, கிழிசலுக்கு வெளியே உட்கார்ந்தாள். தோலின் இரண்டு விளிம்பும் சேர மாட்டேன் என்றன. உள்ளேயிருந்து கரி படிந்த இரண்டு விரல்கள் நீண்டு, அவள் ஊசிக்கு வாகாக அவற்றைச் சேர்த்துப் பிடித்தன.