அன்றைக்குத் தலைவர் அவன்

இலங்கையில் எண்பத்தொன்பதாம் வருடம், பல்கலைக்கழகத்தை இழுத்து மூடியிருந்த காலம். ஒரு பக்கம் சிங்களப் புரட்சிக்காரப் பையன்கள் ஆட்களைச் சுட்டார்கள். அவர்களைத் தேடுகிறோம் என்று இராணுவம் கண்ட பையனையெல்லாம் சுட்டது. மாத்தளை வீதியோரத்தில் டயரோடு எரிந்த உடல்களைப் பார்த்துக்கொண்டேதான் பஸ்ஸில் போவோம். எங்கள் மூன்று பேருக்கும் அதைவிடப் பெரிய கவலை, இங்கிலீஷ் வராவிட்டால் எவன் வேலை தருவான் என்பது. வயது அப்படி.

உக்குவளையில் முஸ்லிம் நண்பனின் வாப்பா கடைக்கு மேல்மாடியில் இங்கிலீஷ் பேசிப் பழகக் கூடுவோம். நான் தேயிலைத் தோட்டத்துத் தமிழன். மற்றவன் கலேவெலப் பக்கத்துச் சிங்களவன். இங்கிலீஷ் வகுப்பில் பழகிய முறையையே வைத்துக்கொண்டோம்: ஒருவன் தலைவர், ஒருவன் நேரம் பார்ப்பான், ஒருவன் பிழை பிடிப்பான். தினமும் முறை மாறும். சிங்கள நண்பனைக் கொழும்புக் கம்பனி ஒன்று திங்கட்கிழமை இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தது. அவனை எப்படியாவது தேற்றிவிட வேண்டுமென்று, நான் முதலாளியாக உட்கார்ந்து கேள்வி கேட்டு அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கதவை உதைத்துக்கொண்டு இராணுவம் வந்தது. ஒரே அறையில் மூன்று இளவட்டங்கள். அவர்களுக்கு அது போதும். இங்கே யார் தலைவர் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டான். அன்றைய முறை சிங்கள நண்பனுடையது. வெகுளிப் பயல், பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினான்.

துவக்குப் பிடியால் வாயிலேயே அடித்தார்கள். பல் மேசையில் தெறித்தது. தலைவர் தினம் ஒருவர், நாளைக்கு நான் என்று முஸ்லிம் நண்பன் குறுக்கே போனான். அவனுக்கு விழுந்த அடியில் ஒரு காது இன்றுவரை கேட்பதில்லை. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்தது. தமிழன் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டானென்று என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். சில வருடங்களுக்கு முன் கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளைக் கொளுத்தியது இதே பெயருக்காகத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிங்கள நண்பனைத் தலைமயிரில் பிடித்துப் படிவழியே இழுத்துப் போனார்கள். அவனை நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாவோடு இராணுவ முகாம் வாசலுக்குப் போனேன். தேய்த்த சட்டையொன்றைப் பையில் கொண்டுவந்திருந்தார். அவனை விட்டதும் இங்கிருந்தே கொழும்பு பஸ் ஏறலாமாம். சிங்களத்தில் கெஞ்சிக் களைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கி இண்டர்வியூ இருக்குன்னு நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க மகன். அப்பதான் மதிப்பாங்க."

சொன்னேன். ஒரு பிழையில்லாமல், மரியாதையாக. காவலுக்கு நின்றவன் துவக்கு முனையால் என் நெஞ்சில் குத்தித் தள்ளினான். உள்ளே யாரோ அலறினார்கள். அது அவனா என்று தெரியவில்லை.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க மகன். கொஞ்சம் சத்தமா."