பதில் ஆள் வந்தால் போகலாம்

வெளிநாட்டில் பயிற்சிக்கு இடம் தேடுகிற சின்ன டொக்டருக்கு இரண்டு வேலை: வார்டில் நோயாளியைப் பார்ப்பது ஒன்று, ஃபோனில் ஈமெயில் வந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதில்தான் கண் அதிகம் கெடும். இதே பாடு பட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படாதவர்கள், உங்கள் பக்கத்தில் ஒரு டொக்டர் பொழுதுக்கும் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தால் காதல் என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் வேலை செய்வது ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில். மாதம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகள் ரொம்பச் சிறிதாக இருந்தால் நாங்கள் கண்டிக்கு அனுப்பிவிடுவோம். ஆம்புலன்ஸில் அந்தப் பிள்ளையோடு வளைவு வளைவாக இறங்குவது பெரும்பாலும் நான்தான். பிள்ளை மூச்சை நிறுத்திவிடுமோ என்று அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு முறையும் ஒரே ஆசைதான் வரும். எங்கேயாவது போய் ஒரு வருஷம் இருந்து, இந்தப் பிள்ளைகளை இங்கேயே வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு வரவேண்டும். அந்த எங்கேயாவதைத் தேடித்தான் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

டொக்டர் காளிமுத்து

என் பெயர் சுகந்தி. அப்பா பெயர் காளிமுத்து. வெளிநாட்டுக்காரர்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். நமக்கு ஏது அப்படி ஒன்று? அப்பாவின் பெயரைத்தான் போடுவோம். ஆகவே வந்த பதில் எல்லாம் "அன்புள்ள டொக்டர் காளிமுத்து" என்றுதான் ஆரம்பித்தது. "அன்புள்ள டொக்டர் காளிமுத்து, வருந்துகிறோம்." "அன்புள்ள டொக்டர் காளிமுத்து, அடுத்த வருஷம் முயன்று பாருங்கள்." மரியாதைக்கு மட்டும் குறைவே இல்லை.

ஸ்கொட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி மட்டும் "உங்களோடு பேச விரும்புகிறோம்" என்று எழுதியது. லீவில் வீட்டில் இருந்தேன். குதித்துக்கொண்டு போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பா ஆயுள் முழுக்கத் தேயிலை காயவைக்கிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு போட்டவர். தன் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று வருவதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு ரொம்ப யோசித்துவிட்டு, பெரிய மனசு பண்ணிச் சொன்னார்: "எனக்கு அந்தக் குளிரெல்லாம் ஒத்துக்காது தாயி. எம்பேர மட்டும் கூட்டிட்டுப் போயி சுத்திக் காட்டிட்டு வா."

பக்கத்து ஊர்க்காரி

அந்த ஈமெயிலுக்குப் பதில் எழுதும்போது அவசரத்தில் கடைசியில் "க்ளென்டார்வி, மேல் டிவிசன்" என்று மட்டும் போட்டுவிட்டேன். அது மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தோட்டம். மஸ்கெலியாவையும் எழுதவில்லை, இலங்கையையும் எழுதவில்லை. எங்களுக்கு அது பழக்கமில்லாத வேலை. தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும், பஸ்காரர் சரியான இடத்தில் இறக்கிவிடுவார்.

மறுநாளே அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்து அம்மாளிடமிருந்து பதில். வீடியோவில் எதற்குப் பேச வேண்டும், நேரில் வந்துவிடுங்கள், க்ளென்டார்வியிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரம்தானே என்று எழுதியிருந்தார். அப்புறம்தான் விளங்கியது. எங்கள் தோட்டத்தை உண்டாக்கிய துரை தன் ஊர்ப் பெயரைத்தான் இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அந்த ஒரு மணி நேரத்துக்காக இரண்டு வருஷமாக ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அந்த அம்மாளுக்கு எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்டு, எங்கள் க்ளென்டார்வி எங்கே இருக்கிறது என்று விவரமாக எழுதினேன். ஒரே ஒரு வரியில் பதில் வந்தது: "உங்கள் க்ளென்டார்வியிலும் மழைதானா?"

கேட்டது பால்

நேர்முகத்துக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் சிக்னல் ஒழுங்காக வருகிற ஒரே இடம், வார்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற தாழ்வாரம். தகரக் கூரை. அன்றைக்கென்று பார்த்து மழை. இரண்டு பெரிய டொக்டர்கள் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்பதில் பாதி எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னதில் பாதியாவது அவர்களுக்குக் கேட்டிருந்தால் புண்ணியம். "ஏன் வர விரும்புகிறீர்கள்?" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. பாடம் பண்ணி வைத்திருந்த பதில் மறந்துபோய், கண்டி ரோட்டு வளைவுகளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை போகிற வழியிலேயே போய்விட்டதையும், அதன் அம்மா அப்போது ஆம்புலன்ஸில் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை மழைச் சத்தத்தில் முன்பின் தெரியாத இருவரிடம் சொல்லிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து வார்டுக்குள் ஒரு பிள்ளை வீறிட்டது. திரையில் இருந்த இருவருக்கும் அதுவும் கேட்டிருக்க வேண்டும். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நாங்கள் இருக்கிறோம் என்றார்கள். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். எங்கள் வார்டு சிஸ்டர் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க போய்ப் பேசுங்க டொக்டர். இது பால கேக்குது, ஒங்கள கேக்கல."

பாஸ்போர்ட் வந்திருச்சு

இடம் கிடைத்தது. ஒரு வருஷம், கோடைக்காலம் தொடங்கும்போது வந்து சேர வேண்டும். அடுத்து பாஸ்போர்ட். அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பா ஃபோனில் சொன்னார். நான் வார்டு என்றும் பாராமல் "பாஸ்போர்ட் வந்திருச்சு!" என்று கத்திவிட்டேன். நர்ஸ்மார் சிரித்தார்கள். செல்லம்மா அக்கா மட்டும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அவர் எங்கள் வார்டைக் கூட்டித் துடைப்பவர், டயகமத் தோட்டத்துக்காரர், ஓய்வு பெறப் போகிற வயது.

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு நினைவுக்கு வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டேன். தோட்டங்களில் அந்தக் காலத்தில் "பாஸ்போர்ட் வந்திருச்சு" என்றால், குடியுரிமை இல்லையென்று இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று அர்த்தம். குடும்பம் குடும்பமாக ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனார்கள். செல்லம்மா அக்காவின் கூடப்பிறந்த அக்கா புருஷன் பிள்ளைகளோடு அப்படித்தான் போனாராம். கோச்சி நகரும்போது சன்னல் வழியாகப் பிடித்திருந்த கையை யாரோ பிரித்துவிட்டார்களாம். அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்கவே இல்லை. எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதும் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, இது அந்தப் பாஸ்போர்ட் இல்லை, படிக்கப் போகிறேன் என்று எடுத்துச் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்டார். என் பெயர் மட்டும்தான் என்றேன். முகம் தெளிந்துவிட்டது. "ஒங்க ஒராளுக்கு மட்டுந்தானா? அப்ப திரும்பி வந்திருவீங்க டொக்டரம்மா. மொத்தக் குடும்பத்துக்கும் வந்தாத்தான் போனது போனதுதான்."

வந்தவர்

ஸ்கொட்லாந்து வா என்று சொல்லிவிட்டது. ஹட்டன்தான் போ என்று சொல்லவில்லை. பதில் ஆள் வந்தால் போகலாம் என்றார் எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது, இருப்பதே கைவிரலுக்குள் அடங்குகிற டொக்டர்மார். முதலில் வரச் சம்மதித்தவர் இங்கே அட்டை கடிக்கும் என்று யாரோ சொன்னதும் மனசை மாற்றிக்கொண்டார். அடுத்தவர் வேறு நாட்டுக்கே போய்விட்டார். அந்தப் பக்கம் கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதத்துக்கு மேல் காத்திருக்க முடியாது என்று அங்கிருந்து எழுதிவிட்டார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸில் இறங்கும்போது எனக்குப் பிள்ளையைப் பார்ப்பதா, என் கண்ணைத் துடைப்பதா என்று ஆகிவிட்டது.

கடைசியில், கெடு முடிவதற்குள் பதில் ஆளாக வந்தார் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டர் தம்பி. ஷர்ட்டுக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர். பெரிய டொக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவு காலம் ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தத் தம்பிக்கு வார்டைச் சுற்றிக் காட்டத் தொடங்கியதும் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். கண்டிக்கு அனுப்ப இருந்த ஒரு பெண் பிள்ளை உள்ளங்கை அளவுக்கு அதில் கிடந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் திரும்பி வரும்போது அது எழுந்து நடக்கும், என்னை யார் என்று அதற்குத் தெரியாது. இதை இப்படிப் பிடிக்க வேண்டும், தலையை இப்படி வைக்க வேண்டும், வளைவில் வலது கையால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். தம்பி ரொம்பக் கவனமாகக் கேட்டார். நல்ல பிள்ளை, இவரிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று மனசு ஆறுகிற நேரம், அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, வெளிநாட்டுக்கு நீங்கள் எப்பிடி எழுதினனீங்கள்? அந்த ஈமெயிலை எனக்கும் ஒருக்கா அனுப்பிவிடுங்கோவன்."

ஆக, என்னோடு பாடுபடுகிறவர்களே, நம் தொழிலில் வெளிநாடு போவதற்கு ஒரே தகுதி, இங்கே வந்து நின்றுகொண்டு வெளிநாட்டுக்கு ஏங்குவதற்கு இன்னொருவர் கிடைப்பதுதான்.