அரைத் தட்டு தாமதம்

சபையில் கிட்டார் வாசிக்கிறவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: பாடுகிறவர்களுக்காகக் காத்திருப்பது. மெட்டுகுடாவில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் நான் முதல் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, அடித்த பிறகுதான் பாதிப் பேர் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். மீதிப் பேர் கண்ணாடியைத் தேடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு மூச்சு பொறுத்து, அவர்களோடு சேர்ந்தே இறங்கிப் பழகிவிட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தப் பெருமை ஜாஸில் செல்லுபடியாகவில்லை.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. மாத்திரையில் வேண்டாதது எதுவும் கலந்திருக்கிறதா என்று பகலெல்லாம் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஸ்கேலில் இல்லாத சுரத்தை வேண்டுமென்றே கலப்பேன். "கம்பெனியில தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க" என்பார் என் வீட்டுக்காரர்.

விஷயம் எளிதுதான். ஸ்கேலில் ஏழு சுரம். தாளத்தில் நாலு தட்டு. தட்டுக்கு இரண்டு சுரம் என்றால் எட்டு இடம். ஏழு சுரத்தை எட்டு இடத்தில் போட்டால் அடுத்த சுற்றிலேயே எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் நடுவில் ஓர் அரைச் சுரத்தைச் செருகுகிறார்கள். சி செவன்த் கார்டில் மேலிருந்து இறங்கும்போது, சி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவே ஒரு பி. உடனே கார்டின் சொந்தச் சுரங்கள் தட்டில் உட்காரும். விருந்தாளியாக வந்த பி இரண்டு தட்டுக்கு நடுவே இடுக்கில் நழுவிப் போய்விடும்.

என் கையில் எல்லாம் தலைகீழ். இல்லாத சபைக்காகக் காத்திருந்து அரைத் தட்டு பிந்தித் தொடங்குவேன். விருந்தாளி நாற்காலியில் உட்கார, வீட்டுக்காரர்கள் நிற்பார்கள். கேட்கச் சகிக்காது.

எங்கள் ஜாஸ் குழுவில் மூன்றே பேர். டிரம்ஸ் ஒருவர், நான், பிறகு பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பி. குழு அவருடையது. ரயில்வேயில் வேலை, பேச்சில் தமிழும் ஊர் உருதுவும் கலந்தே வரும்.

"நக்கோ அக்கா, வேணாம், இது சரிப்படாது" என்றார் ஒருநாள்.

"கைக்கு நக்கோ? ஏன் வேணாம்?" என்றேன் நானும் அதே உருதுவில், வீம்பாக.

"சோலோ லேட்டாவே வருது. ஞாயித்துக்கிழமை காபி ஷாப் கச்சேரில ஒரு தடவை எடுங்க. அன்னிக்கும் இப்படித்தான்னா, இனிமே நீங்க கார்ட் மட்டும் வாசிங்க. சோலோவுக்குக் கீபோர்டுக்காரர் ஒருத்தர் ரெடியா இருக்கார்."

சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்கத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமோடு மல்லுக்கட்டினேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. எப்படித் தப்பும், மெட்ரோனோம் கண்ணாடி தேடுவதில்லையே.

ஞாயிறு சாயங்காலம் என் முறை வந்தது. மேசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவுதான், அத்தனை முகங்களைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பொறுத்தது. அரைத் தட்டு போயே போய்விட்டது. தட்டில் விழ வேண்டிய சி இடுக்கில் விழுந்தது, அடுத்து வந்த பி நட்டநடுத் தட்டில். பேஸ்காரத் தம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

நிறுத்தவும் முடியாது. பி ஃபிளாட், ஏ என்று இறங்கியபடியே, இனி கார்ட் மட்டும்தான் என்று நினைத்த நேரத்தில், ஒரு பிடிவாதத்தில் விரல் இன்னொரு விருந்தாளியைச் செருகியது: ஏ-க்கும் ஜி-க்கும் நடுவிலிருந்த ஏ ஃபிளாட். அடுத்து வந்த ஜி கச்சிதமாகத் தட்டில் விழுந்தது. பிறகு இ, அதுவும் தட்டில். பிந்தி வந்ததை ஒரு சுரம் சரிக்கட்டிவிட்டது.

தம்பி கண்ணைத் திறந்தார். பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "வேணும்னேவா லேட்டா வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஹவ், ஆமா" என்று தலையாட்டினேன். சுத்தப் பொய்.

"அப்போ அடுத்த பாட்டுலயும் நீங்களே எடுங்க."

சோலோ போனால் போகட்டும், கார்ட் வாசித்தால் குறைந்தா போய்விடுவேன் என்று ஒரு வாரமாக வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கண் நிறைந்துவிட்டது. சுருதி சேர்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.