மாமனாருக்கு விட்ட வழி

இன்று எங்கள் காருக்கு முதல் பந்தயம். பீளமேட்டுப் பட்டறையில் நானும் செந்திலும் ஒரு வருடமாகக் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார்.

அவிநாசி ரோட்டில் டவுன் பஸ்ஸுக்குக்கூட வழி விடாத செந்தில்தான் ஓட்டினான். கடைசிச் சுற்று வரை நாங்கள்தான் முதலில்.

திடீரென்று ஒதுங்கி, பின்னால் வந்த சிவப்புக் காரை முன்னே போகவிட்டான். தோற்றோம்.

"ஏன்டா?" என்று கத்தினேன்.

"கண்ணாடில பாத்தா மாமனாரு வாராரு. பொண்ணு குடுத்தவருக்கு முன்னால எப்புடிடா போறது?"

அதற்குள் அந்த மாமனாரே கோப்பையோடு வந்துவிட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, செயிச்சிருந்தா இந்தக் காராட்டம் ஒண்ணு எனக்கும் செஞ்சு தரச் சொல்லலாம்னு இருந்தனுங்க. கடைசில இழுவை பத்தலீங்களே!"

"ஆமாங்க மாமா" என்றான் பாவி.

நாளைக் காலை முதல் வேலையாக அந்தக் கண்ணாடியைக் கழற்றப் போகிறேன். வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள், மாப்பிள்ளைமார் தவிர.