ஆறு ஊசியும் ஒரு சவரமும்

சலூன் வைத்திருப்பவனுக்கு ஊரிலுள்ள கழுத்தெல்லாம் அத்துப்படி, தன் கழுத்து மட்டும்தான் தெரியாது. கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாகக் கடை நடத்தும் நான், என் கழுத்தில் வளர்ந்த கட்டியை அடுத்தவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கீமோ ஏற்றிக்கொண்டு, வாயெல்லாம் இரும்பு ருசியோடு இதைப் படிக்கும் பங்காளிகளே, சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். அதற்கு டாக்டர் பத்தியம் எதுவும் சொல்லவில்லை.

பாதித் தலை

எங்கள் தொழிலில் செவ்வாய்க்கிழமை லீவு. அன்றைக்குத்தான் நானும் பக்கத்து நாற்காலிக்காரன் ஏழுமலையும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒருவருக்கொருவர் முடி வெட்டிக்கொள்வோம். அப்படி ஒரு செவ்வாயில் என் காதுக்குக் கீழே அமுக்கிப் பார்த்தான். "சூட்டுக் கட்டிடா, வுடு" என்றேன். தினம் இருபது கழுத்தைத் தொடுகிறவன், எனக்குத் தெரியாததா என்கிற திமிர்.

ஏழுமலை கத்தரியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். கண்ணாடியில் பார்த்தால் என் தலை ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் நிற்கிறது.

"மூணு கட்டிங்கா பாத்துக்கினு இருக்கேன் அண்ணே, அது கரையல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லு, மீதித் தலையை வெட்டறேன்."

நீங்க பேஷன்ட்டு

சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை என்றார் டாக்டர். இருபத்தோரு நாளைக்கு ஒன்றாக ஆறு ஊசி. எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். "செவ்வாய்க்கிழமை சார், கடை லீவு" என்றேன். கணக்காக ஆறும் செவ்வாயிலேயே வந்து விழுந்தன.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது பக்கத்துக் கட்டிலில் திருக்கோவிலூர்க்காரர் ஒருவர், தலையணையில் உதிர்ந்த முடியைப் பொறுக்கிப் பொறுக்கி அழுதுகொண்டிருந்தார். எனக்கும் கொத்துக் கொத்தாக வந்துகொண்டுதான் இருந்தது. அதற்காக ஒரு மனிதர் தலை கோழி கிளறின குப்பை மாதிரி இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பையில் டிரிம்மர் இருந்தது. பிளேடு மட்டும் கூடாது, காயம் படக்கூடாது என்று நர்ஸம்மா அனுமதி கொடுத்தார். ஐந்தே நிமிஷத்தில் அவர் தலையைச் சுத்தமாக இறக்கினேன். கண்ணாடியில் பார்த்துத் தடவிக்கொண்டார், அழுகை நின்றது. அதற்குள் பின்னால் மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். மூன்றாவது தலையில் கை வைத்திருந்தபோது நர்ஸம்மா மறுபடி வந்தார்.

"அண்ணா, உங்க பேரைக் கூப்ட்டு அரை மணி நேரமாவுது. இங்க நீங்க பேஷன்ட்டு, ஞாபகம் இருக்குதா?"

எந்தக் கோயில்?

ஊசி போட்டபின் இரண்டு வாரம் வீட்டில் கிடப்பேன். மூன்றாவது வாரம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கடையில் போய் உட்காருவேன். கல்வராயன் மலையிலிருந்து மாசம் ஒருமுறை இறங்கி வந்து முடி வெட்டிக்கொள்ளும் அண்ணாமலை, என் மொட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எந்தக் கோயில் என்று கேட்டார். விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, "வேண்டுதல்ங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன். மனுஷன் முடி வெட்டி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. பிரசாதம் வரும் என்று உட்கார்ந்திருக்கிறார்! உள்ளே திரும்பி ஏழுமலையைப் பார்த்து முழித்தேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு துணி உதறப் போய்விட்டான். அண்ணாமலை கிட்டே வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"முடியைக் குடுத்த, சரி. புருவத்தையுமா சாமி கேட்டுச்சு?"

பலூன்

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. நாலாவது ஊசிக்கு அப்புறம் விரல் நுனி மரத்துப்போனது. சட்டைப் பித்தானைப் பார்த்துப் பார்த்துப் போடவேண்டியதாயிற்று. மருந்தால் வருவதுதான், பெரும்பாலும் சரியாகும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நோய் என்று சொன்ன அன்றைக்குக்கூட நான் பயப்படவில்லை. விரல் மரத்த அன்றைக்குத்தான் பயந்தேன். கத்தரி பிடிக்கக் கண் போதும், கத்தி பிடிக்க விரல் வேண்டும். தோல் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று விரல் சொல்லாவிட்டால் அடுத்தவர் தொண்டையில் எப்படிக் கத்தி வைப்பது?

தொழில் பழகும் பையன்களுக்குப் பலூனில் சோப்பு நுரை பூசிச் சிரைக்கச் சொல்வோம். வெடிக்காமல் சிரைத்தால்தான் ஆளிடம் விடுவோம். ஆறு ஊசியும் முடிந்ததும் நானும் பலூன் பாக்கெட் வாங்கி வந்தேன். ஊத மூச்சு இல்லை, என் சம்சாரம் தனம் ஊதினாள். முதல் நாள் பத்தும் வெடித்தன. நுரை முகமெல்லாம் தெறிக்க, கத்தியைத் தூக்கிக் கிணற்றில் போடு என்று அவளிடம் கத்தினேன். முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த பலூனை எடுத்தாள்.

"கெணத்துல போடறதை அப்பறம் பாத்துக்கலாம். ஊதறது என் வேலை, வெடிக்காம பாத்துக்கறது உன் வேலை. பேசாம புடி."

கோவிந்தன்

மூன்று மாசம் ஆயிற்று பலூன் வெடிக்காமல் நிற்க. அதற்குள் புருவமும் வந்துவிட்டது. ஆனால் பலூனுக்குத் தொண்டைக் குழி கிடையாதே. யார் முதலில் உட்காருவது? ஏழுமலை முன்வந்தான். அவனைத் தள்ளிவிட்டுக் கரும்புக்காரர் கோவிந்தன் நாற்காலியில் சாய்ந்தார். இருபது வருஷமாக என்னிடம் மட்டும் சவரம் செய்துகொண்டவர். நான் இல்லாத மாசங்களில் ஏழுமலையிடம் முறைத்துக்கொண்டே செய்துகொண்டாராம், ஒரு நாளும் கண்ணை மூடவில்லையாம்.

நுரை பூசினேன். பக்கத்தில் ஏழுமலை, வெட்டுப்பட்டால் ரத்தத்தை நிறுத்தத் தேய்க்கும் படிகாரக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறான், பாவிப்பயல். இடது கை விரலால் தோலை இழுத்தேன். முழுசாக இல்லை, ஆனாலும் தெரிந்தது. கன்னம் முடித்து, தாடை முடித்து, தொண்டைக்கு வந்தபோது ஒரு சத்தம். கையை எடுத்துவிட்டேன். குறட்டை! மனுஷன் தூங்கிவிட்டார். எனக்குக் கண் கலங்கி, துடைத்துக்கொண்டுதான் மீதியைச் செய்தேன். ஏழுமலை படிகாரத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டான். தண்ணீர் தெளித்ததும் கோவிந்தன் விழித்துக்கொண்டார்.

"இன்னாய்யா, இன்னும் ஆரம்பிக்கலியா?"

நோய் இல்லை என்று டாக்டர் கொடுத்த ரிப்போர்ட் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, நான் தினமும் கத்தியைக் கையில் எடுப்பதென்னவோ அந்தக் குறட்டையை நம்பித்தான்.